ஒற்றை வாசல்

கோப்பாய் தெற்கு,
12.01.1987

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் மாமாவும் சுகம். நீங்கள் அங்கை சுகமா இருக்கவேணுமெண்டு நல்லூரானை நினைக்காத நாளில்லை. கார்த்திகையிலை உங்களிட்டையிருந்து வந்ததுதான் கடைசிக் கடிதம். சாம்பியாவிலை இப்ப மழைக்காலம் எண்டு எழுதினனீங்கள். மழைத்தண்ணி சுரங்கத்துக்கை இறங்காதோ? இஞ்சினியருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது. எண்டாலும் தலைத்தொப்பி இல்லாமல் கீழை போகாதேங்கோ.

நாளையிண்டைக்குப் பொங்கல். சர்க்கரை இருக்கு, பயறு இல்லை. மண்ணெண்ணெயும் பெற்றோலும் குடாநாட்டுக்குள்ளை வரவிடுறாங்களில்லை. பஸ்ஸும் குறைஞ்சுபோச்சு. சுகிர்தா சைக்கிளிலைதான் பள்ளிக்கூடம் போய் வாறாள். அவள் வீடு வந்து சேருமட்டும் நான் படலையடியிலைதான் நிப்பன்.

பலாலி ஆமி முகாமிலையிருந்து செல் அடிக்கிறது கூடிப்போச்சு. முதல்லை தூரத்திலை "டும்" எண்டு ஒரு சத்தம். பேந்து கூவிக்கொண்டு வரும். கூவிற மட்டும் பயமில்லை, அது எங்களைத் தாண்டிப் போகுது எண்டு அர்த்தமாம். கூவல் நிண்டுதெண்டால்தான் பயம். போன கிழமை நீர்வேலிப் பக்கம் வாழைத்தோட்டத்திலை விழுந்தது. எங்கடை யன்னல் எல்லாம் ஆடினது.

ஊரிலை எல்லாரும் பங்கர் வெட்டுகினம். நானும் வெட்டுவமெண்டு மாமாவைக் கேட்டன். "எங்கடை ஆக்களைச் செத்தாப்பிறகே புதைக்கிறேல்லை, எரிக்கிறது. உயிரோடை இருக்கேக்கை நான் ஏன் பிள்ளை குழிக்கை இறங்குவான்?" எண்டு சொல்லிப்போட்டுத் தண்ணி இறைக்கப் போயிட்டார். தன்ரை மகன் சொன்னால் கேப்பார். நீங்கள் இவ்வளவு காலமும் மண்ணுக்குக் கீழை சீவிக்கிற மனிசன். எப்பிடி வெட்டுறது, எவ்வளவு ஆழம், எல்லாம் விளக்கமா எழுதுங்கோ.

சுகிர்தாவுக்குப் பள்ளிக்கூடத்திலை "என் தந்தையின் தொழில்" எண்டு கட்டுரை எழுதவேணுமாம். அதுக்கும் நாலு வரி எழுதிவிடுங்கோ. பன்ரண்டு வயசாகப் போகுது, நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு அவளுக்குச் சரியாத் தெரியாது.

உங்கடை பதிலைப் பாத்துக்கொண்டிருக்கிற,
குணம்


கிட்வே, சாம்பியா,
09.02.1987

அன்பின் குணம்,

இஞ்சை நான் சுகம். உம்மடை கடிதம் நேற்றுத்தான் வந்தது. அப்புவுக்கு முட்டு வருத்தம் எப்பிடி, மூச்சு இழுக்கிறது குறைஞ்சுதோ? மாரி முடியுமட்டும் காலமையிலை தோட்டத்துக்கு விடவேண்டாம்.

முதல் பங்கர். கிணத்தடியிலை வெட்டவேண்டாம். வீட்டுச் சுவரோடையும் வேண்டாம், சுவர் சரிஞ்சால் வாசல் மூடிப்போகும். வாழைக்கும் பின்வேலிக்கும் நடுவிலை வெட்டுங்கோ. எங்கடை செம்பாட்டு மண் காஞ்சிருக்கேக்கை கல்லு மாதிரி நிக்கும், நனைஞ்சால் வழுக்கிக்கொண்டு வரும். அதை நம்பவே கூடாது. ரெண்டு பக்கமும் தகரமோ பலகையோ குடுத்துப் பனங்குத்தியாலை முட்டுக் குடுக்கவேணும். மேலை பனங்குத்தியை நெருக்கி அடுக்கி, தறப்பாள் விரிச்சு, உரப்பையிலை மண் நிரப்பி வையுங்கோ. வாசல் நேரா இருந்தால் சிதறல் உள்ளுக்கு வரும், வளைஞ்சு இறங்கவேணும். எல்லாத்தையும்விட முக்கியம் ரெண்டு வாசல். ஒற்றை வாசலோடை ஒரு கிடங்கை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதையும். அது பங்கர் இல்லை, புதைகுழி.

இனி பிள்ளைக்கு. உமக்குத் தெரிஞ்ச கதைதான், அவளுக்கு வாசிச்சுக் காட்டும். அப்பா இந்தியாவிலை நிலக்கரி தோண்டுற ஊரிலை படிச்சவர். திரும்பி வந்து கேகாலைப் பக்கம் காரீயச் சுரங்கத்திலை வேலை. பென்சிலுக்குள்ளை இருக்கிற கறுப்பு அதுதான். எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்திலை, ரோட்டிலை தமிழ் ஆக்களைத் தேடித் திரியேக்கை, என்னோடை வேலை செய்த சிங்களப் பொடியள் என்னைச் சுரங்கத்துக்குள்ளை இறக்கி ஒளிச்சு வைச்சவங்கள். சோறு கட்டிக்கொண்டு வந்து தந்தவங்கள். அண்டைக்கு மேலைதான் சாவு இருந்தது, கீழை இல்லை. பிறகு அங்கை இருக்க மனம் வரேல்லை, சாம்பியாவுக்கு வந்தன். இஞ்சை செம்பு. கூடு எண்டு சொல்லுற இரும்பு லிப்டிலை ஏறிக் கீழை போகப் போகச் சூடு கூடும். பாறையை உடைச்சுத் தாதுக்கல் எடுக்கேக்கை, கூரை விழாமல் இருக்க அங்கங்கை கல்லுத்தூண்களை உடைக்காமல் விடுறது. எந்தத் தூணை விடவேணும், எதை உடைக்கலாம் எண்டு சொல்லுறதுதான் அப்பாவின்ரை வேலை.

இப்ப நான் பாக்கிற பகுதியிலை பாறை கொஞ்சம் கதைக்குது. இஞ்சத்தை ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். தூண்களிலை பொருக்கு உதிருது, உள்ளுக்கை முறியிற மாதிரிச் சத்தம். அந்தப் பகுதியை மூடச்சொல்லி மேலிடத்துக்கு எழுதிக் குடுத்திருக்கிறன். நீர் பயப்பிட ஒண்டுமில்லை.

என்ரை நினைப்பெல்லாம் உங்களோடை.
இராசநாயகம்


கோப்பாய் தெற்கு,
15.03.1987

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் மாமாவும் சுகம். மாமாவுக்கு முட்டு குறைவு. உங்கடை சுகத்தையும் அறிய ஆசை.

பங்கர் வெட்டியாச்சு. மாமாவின்ரை தமையன்ரை மகன் கதிரவேலு அண்ணைதான் நிண்டு செய்தவர். கிணறு வெட்டின கை அவருக்கு. உங்கடை கடிதத்தை வரிவரியா வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வெட்டினவர். ஒண்டு மட்டும் சரிவரேல்லை. மற்றப் பக்கத்து வாசலுக்குக் கிண்டேக்கை சுண்ணாம்புக்கல் வந்திட்டுது. இரும்பு அலவாங்கே வளைஞ்சுபோச்சு, கல்லு அசையேல்லை. வெடி வைச்சால் உடைக்கலாமாம். இந்த நேரத்திலை ஆர் வெடி வைக்கிறது? பலாலிக்குச் சத்தம் கேட்டால் அவங்கள் அடிப்பாங்கள். இயக்கப் பொடியளும் வந்து ஏன் வெடி வைச்சனியள் எண்டு கேப்பினம். அதாலை அந்தப் பக்கம் மேலைவரைக்கும் ஒரு பைப் மட்டும் இறக்கிக் கிடக்கு, காத்துக்கு. வாசல் ஒண்டுதான். ஏசவேண்டாம் அத்தான்.

போன சனிக்கிழமை முதல்தரம் இறங்கினம். மண் மணம். கால் முழுக்க எறும்பு. சுகிர்தா என்ரை கையை விடேல்லை எண்டு எழுதலாம், ஆனால் உண்மையிலை நான்தான் அவளின்ரை கையை விடேல்லை. மாமா இறங்கேல்லை. மாட்டுக்குப் பக்கத்திலை நிண்டுகொண்டு, "முடிஞ்சுது, வெளியிலை வாங்கோ" எண்டு கூப்பிட்டவர்.

கட்டுரையை வகுப்பிலை வாசிச்சவளாம். ரீச்சர், "உன்ரை அப்பாவுக்கு இருட்டிலை பயமில்லையோ?" எண்டு கேட்டவவாம். அதை உங்களிட்டைக் கேட்டு எழுதட்டாம்.

அந்தப் பாறை இப்பவும் கதைக்குதோ? அந்த வரியை வாசிச்ச நேரம் தொடக்கம் எனக்கு நெஞ்சு சரியில்லை.

உங்கடை குணம்


கிட்வே,
11.04.1987

அன்பின் குணம்,

எல்லாரும் சுகமா இருக்கவேணும். எனக்கு மலேரியாக் காய்ச்சல். படுத்திருந்து பென்சிலாலை எழுதிறதாலை எழுத்து இப்பிடிக் கிடக்கு, பயப்பிடவேண்டாம். இஞ்சை எல்லாருக்கும் வாறதுதான்.

அந்தப் பகுதியை மூடியாச்சு. பாறை இப்ப கதைக்கேல்லை.

இது வரேக்கை வருஷம் முடிஞ்சிருக்கும், எண்டாலும் பிள்ளைக்கு ஒரு சட்டை எடும். அப்பாவுக்கு இருட்டிலை பயமில்லை எண்டு சொல்லும்.

இராசநாயகம்


கோப்பாய்,
09.05.1987

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்கடை காய்ச்சல் மாறிச்சோ? மாறினதும் ஒரு வரி எழுதுங்கோ.

ஒற்றை வாசல் எண்டு நான் எழுதினன். நீங்கள் ஏசி எழுதுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லை. நீங்கள் அப்பிடி விடுகிற ஆள் இல்லையே.

உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். ஒருத்தர் மண்ணுக்குள்ளை மூடுண்டால் எவ்வளவு நேரம் மூச்சு இருக்கும்? மண்ணை எடுக்கிற ஆக்கள் எந்தப் பக்கத்தாலை எடுக்கவேணும்? அப்பிடி ஒருத்தரை எடுத்தாப்பிறகு, அவைக்குப் பயம் எப்ப மாறும்? உங்கடை சுரங்கத்திலை இதுகள் நடக்கிறதுதானே, உங்களுக்குத் தெரியும். சும்மா அறிஞ்சு வைச்சிருக்கத்தான் கேக்கிறன்.

சித்திரை மழை இந்தமுறை நல்லாப் பெஞ்சது. மாமரத்திலை நல்ல காய்.

குணம்


கிட்வே,
04.06.1987

குணம்,

நீங்கள் மூண்டுபேரும் உயிரோடை சுகமா இருக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டுதான் இதை எழுதுறன். எனக்குக் காய்ச்சல் சுகம். என்னை விடும்.

நீர் கேட்டதுக்குப் பதில். முகத்தோடை மண் ஒட்டிக்கிடந்தால் கொஞ்ச நேரந்தான். முகத்துக்கு முன்னாலை ஒரு சாண் இடம் கிடைச்சால் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் நெஞ்சை மண் இறுக்கினால் காத்து இருந்தும் மூச்செடுக்கேலாது. அதாலை முதல் தலை, பிறகு நெஞ்சு, கால் கடைசி. மேலை ஏறி நிண்டு வெட்டக்கூடாது, மண் இன்னும் இறங்கும். பக்கத்தாலை வரவேணும். கிட்டப் போனாப்பிறகு மண்வெட்டி கூடாது, கையாலைதான். இடைக்கிடை எல்லாரும் வாய்மூடி நிண்டு காது குடுக்கவேணும். உள்ளுக்கை இருக்கிற ஆள் கத்தக்கூடாது, காத்து முடியும். எதிலையாவது தட்டவேணும்.

ஒரு பாடப்புத்தகம் மாதிரி இவ்வளவையும் எழுதி முடிச்சிட்டன். முடிச்சாப்பிறகுதான் உம்மடை கடிதத்தைத் திரும்ப எடுத்தன். மண்ணுக்கை மூடுண்டது ஆர், குணம்? நீர் எப்பவும் "நானும் பிள்ளையும் மாமாவும் சுகம்" எண்டுதான் எழுதுவீர். இந்தமுறை "நாங்கள் சுகம்" எண்டு எழுதியிருக்கிறீர். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறன். நாங்கள் எண்டால் எத்தினை பேர்? சுகிர்தா எங்கை? அப்பு எங்கை? சும்மா அறிய ஆரும் இதைக் கேப்பினமோ?

ரேடியோவிலை வடமராட்சியிலை பெரிய சண்டை எண்டு சொல்லுறாங்கள். தபால் கந்தோரிலை, யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எடுக்கிறம் ஆனால் போய்ச் சேரும் எண்டு சொல்லேலாது எண்டவன். ஆரும் கொழும்புக்குப் போற ஆளிட்டையாவது ஒரு துண்டு குடுத்துவிடும். பிள்ளையின்ரை கையெழுத்திலை ஒரு வரி வேணும். அவளின்ரை கையெழுத்து.

பயம் எப்ப மாறும் எண்டும் கேட்டனீர். எனக்குத் தெரியாது.

இராசநாயகம்


கிட்வே, சாம்பியா,
20.06.1987

மதிப்பிற்குரிய சகோதரி குணலட்சுமி அவர்களுக்கு,

ஆண்டவர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காப்பாராக. என்னை நீங்கள் அறியமாட்டீர்கள். என் பெயர் இன்னாசித்தம்பி, சொந்த இடம் குருநகர். இங்கே ஓர் உயர்பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். இந்த நகரத்தில் தமிழ் பேசும் சிலருள் நானும் உங்கள் கணவரும் அடங்குவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

அவருக்கு வந்தது மலேரியா அல்ல. பங்குனிக் கடைசியில் அவர் வேலை செய்த பகுதியில் பாறை இறங்கியது. முதல் சத்தம் கேட்டதுமே அவர் கூட்டிற்கு வந்துவிட்டார். உள்ளே ஆட்கள் நிற்கிறார்கள் என்று அறிந்து திரும்பிப் போனார். பெரும்பாலானோரை வெளியே அனுப்பிவிட்டார். இருவர் இறந்துபோனார்கள். இவருடைய வலது கால் பாறைக்கு அடியில் அகப்பட்டது. அந்த இருட்டில் வெகுநேரம் கிடந்த பிறகே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே காலை வெட்ட வேண்டியதாயிற்று. இப்போது கோல் ஊன்றி நடக்கப் பழகுகிறார். மேலே வரைபட அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

காலைப்பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கதவு மூடிய அறையில் இருக்கமாட்டார். என் வீட்டில் சாப்பிடும்போதும் கதவு திறந்திருக்க வேண்டும். குளிர் அடித்தாலும் அப்படித்தான். மண்ணுக்குள் மூடப்பட்டவரைப்பற்றி நீங்கள் கேட்டெழுதிய கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். அன்று முதல் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

உங்களுக்குச் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை மீறுகிறேன். என் தாயார் படுக்கையில் விழுந்ததை, நான் தூரத்தில் கவலைப்படுவேன் என்று அக்கா மக்டலீன் எனக்கு அறிவிக்கவில்லை. அடக்கம் முடிந்து ஒரு மாதத்திற்குப் பின்புதான் அறிந்தேன். இன்றுவரை அக்காவோடு எனக்கு முகம் கொடுத்துக் கதைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் எழுதியதாக அவருக்குக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

செபத்தில் உங்களை நினைக்கும்,
செ. இன்னாசித்தம்பி


கோப்பாய் தெற்கு,
18.08.1987

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் மாமாவும் சுகம். மூண்டுபேரும். இந்தக் கடிதத்தின்ரை அடியிலை சுகிர்தா தன்ரை கையாலை எழுதுவாள், பாருங்கோ.

ஆனி ஆடியிலை தபாலே இல்லை. இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்து இந்திய ஆமி இறங்கினாப்பிறகு, போன கிழமைதான் கடிதமெல்லாம் ஒரு கட்டா வந்தது. நீங்கள் "ஆர்" எண்டு கேட்டு எழுதினதை வாசிச்சு அழுதன். உங்களை இவ்வளவு காலம் அப்பிடி வைச்சிருந்ததுக்கு என்னை மன்னிக்கவேணும்.

நான்தான் அத்தான்.

சித்திரைக் கடைசி. மழை பெஞ்சு விட்டிருந்தது. காலமை, சுகிர்தா கதிரவேலு அண்ணை வீட்டை போயிருந்தவள், மாமா தோட்டத்திலை. "டும்" எண்டு கேட்டுது. நான் குசினியிலையிருந்து ஓடிப்போய் இறங்கினன். கூவல் நிண்டுது. பேந்து எனக்குச் சத்தம் கேட்டதா நினைவில்லை. வேலியோடை விழுந்ததாம். வாசல் பக்கத்து மண் அப்பிடியே வழுக்கிக்கொண்டு வந்து என்னை மூடிச்சுது. நெஞ்சுமட்டும் இறுக்கம். வாயெல்லாம் மண். ஒரு கை மட்டும் தலைக்கு மேலை கிடந்தது, அதாலைதான் முகத்துக்கு முன்னாலை கொஞ்சம் இடம். கண்ணைத் திறந்தால் என்ன மூடினால் என்ன, ஒண்டுதான்.

மாமா ஓடிவந்து வாசல் இல்லாததைக் கண்டு குழறினாராம். கதிரவேலு அண்ணையோடை ஓடிவந்த சுகிர்தாதான் அந்தப் பைப்புக்குக் காதை வைச்சவள். "அம்மா, அம்மா, கேக்குதோ?" எண்டு அவளின்ரை சத்தம் மேலையிருந்து வருது. எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. நகத்தாலை தகரத்தைச் சுரண்டினன். "அம்மா சுரண்டுறா! மேலை ஒருத்தரும் ஏறாதேங்கோ!" எண்டு கத்தினாள். ஆர் சொல்லிக் குடுத்தது அவளுக்கு? கதிரவேலு அண்ணை பக்கத்தாலை வெட்டிக்கொண்டு வந்தவர். கடைசியிலை மாமாதான் கையாலை கிண்டி என்ரை தலையை எடுத்தவர். மாமாவின்ரை விரலெல்லாம் ரத்தம். "பிள்ளை, பிள்ளை" எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு என்ரை வாய்க்குள்ளை கிடந்த மண்ணை எடுத்தவர்.

பங்கரைப் பேந்து திருத்தியாச்சு. கதிரவேலு அண்ணை கல்லை மாதக்கணக்கிலை கொத்திக் கொத்தி ரெண்டாவது வாசலும் திறந்திட்டார். ஆனால் நான் இறங்கிறேல்லை. கால் வருகுதில்லை. செல் அடிச்ச நாளெல்லாம் சுகிர்தாவும் எனக்காக வெளியிலையே இருந்தவள். நீங்கள் சொல்லி வெட்டின இடம் எண்டபடியால் உங்களுக்கு எழுத வாய் வரேல்லை.

இப்ப இந்திய ஆமியை வரவேற்க ரோட்டெல்லாம் மாலை, வாழை. இனிப் பயமில்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம். நானும் ஓமெண்டு சொல்லுறன்.

நீங்கள் இப்ப வேலைக்கு நடந்தோ போறியள்? நல்லாச் சாப்பிடுறியளோ? எனக்கு ஒண்டும் மறைக்கத் தேவையில்லை அத்தான். சுகமெண்டு எழுதினால் நம்புவன்.

உங்கடை குணம்

அப்பா, நான் சுகிர்தா. நான் சுகம். அம்மாவை ஏசவேண்டாம்.


கிட்வே,
20.09.1987

அன்பின் குணம்,

பிள்ளையின்ரை ரெண்டு வரியையும் சட்டைப்பையிலை வைச்சுக்கொண்டு திரியிறன். நீங்கள் மூண்டுபேரும் சுகம் எண்டதைவிட எனக்கு வேறை என்ன வேணும். நானும் சுகம். வேலைக்கு நடந்துதான் போறன், கிட்டத்தானே.

உம்மடை கடிதத்தை முழுக்க ஒரேயடியா வாசிக்கேலாமல் போச்சு. நெஞ்சுமட்டும் எண்ட இடத்திலை மடிச்சு வைச்சிட்டு வெளியிலை போய் நிண்டன். எங்கை நிண்டாலும் அந்த மண் என்ரை வாயிலை கிடக்கு. பத்தொன்பது வருஷம் ஆருக்கெல்லாமோ கூரை தாங்கிற கணக்குப் போட்டன்.

நான் இப்ப கீழை இறங்கிறேல்லை. மேலை, வரைபட அறையிலை வேலை. மேலிடம் தந்தது. நானும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. கூட்டின்ரை கதவு அடிபடுற சத்தம் கேட்டால் எனக்கும் கால் வராது குணம். ஏனெண்டு நேரிலை சொல்லுறன். பிள்ளைக்குப் பொய் எழுதினன், அப்பாவுக்கு இருட்டிலை பயம்.

இஞ்சை வாங்கோ. மூண்டுபேரும். அப்புவைக் கெஞ்சிக் கேளும். இஞ்சை அவருக்குத் தோட்டம் செய்ய நிலம் கிடக்கு, செம்மண்தான். சமாதானம் எண்டு சொல்லேக்கையே வெளிக்கிடும். தூண் நல்லா நிக்குது எண்டு எல்லாரும் சொல்லுற நாளிலைதான் நான் கூடப் பயப்பிட்டிருக்கிறன்.

இராசநாயகம்


கிட்வே,
02.11.1987

குணம்,

நீங்கள் எங்கை இருந்தாலும் இது கிடைக்கவேணும். போன மாதம் திரும்பச் சண்டை தொடங்கின நாள் தொடக்கம் ரேடியோவுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறன். கோப்பாய் எண்டு ஊரின்ரை பேரையே சொன்னாங்கள். அதுக்குப் பிறகு அவங்கள் சொன்னது ஒண்டும் எனக்கு விளங்கேல்லை. தந்தி குடுத்தன், திரும்பி வந்திட்டுது. இது நான் போடுற நாலாவது கடிதம். ஒவ்வொண்டையும் ஒவ்வொரு விலாசத்துக்குப் போடுறன்.

உயிரோடை இருந்தால் ஒரு வெறும் உறையாவது போடும். உம்மடை கையாலை விலாசம் எழுதியிருந்தால் காணும்.

இராசநாயகம்


கோப்பாய் தெற்கு,
17.12.1987

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். இந்தமுறை எப்பிடி எழுதியிருக்கிறன் எண்டு பாத்திருப்பியள். பாத்த உடனை உங்களுக்கு விளங்கியிருக்கும். பக்கத்திலை இன்னாசித்தம்பி மாஸ்டர் இருந்தால் அவரைக் கூப்பிட்டு வைச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

ஐப்பசியிலை இந்திய ஆமிக்கும் இயக்கப் பொடியளுக்கும் சண்டை தொடங்கிச்சு. எங்கடை ரோட்டாலைதான் போச்சுது. செல் எந்தப் பக்கத்தாலை வருகுது, ஆர் அடிக்கிறது எண்டு ஒண்டும் விளங்கேல்லை. கூவல்கூட இல்லை, வெடிக்கிறதுதான் கேக்கும். நானும் பிள்ளையும் விறாந்தைச் சுவரோடை ஒட்டிக்கொண்டு இருந்தம். முன்வீட்டு ஓடெல்லாம் பறக்குது. "நீ போ, பங்கருக்கை போ" எண்டு பிள்ளையைத் தள்ளுறன். "நீங்கள் வராட்டில் நான் போகமாட்டன்" எண்டு என்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். எனக்குக் கால் வருகுதில்லை அத்தான். பிள்ளை என்னாலை சாகப் போறாளே எண்டு தெரியுது, அப்பவும் வருகுதில்லை.

அப்ப மாமா மாட்டுக் கொட்டிலிலையிருந்து வந்தார். ஒருநாளும் இறங்கமாட்டன் எண்டு சொன்ன மனிசன். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு வாசலிலை இறங்கி நிண்டு, கையை மேலை நீட்டினார். "இஞ்சை பார் பிள்ளை, நான் முன்னாலை போறன். மண் விழுந்தால் முதல் என்ரை தலையிலை விழட்டும். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வா." நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைப் பிடிச்சன். ஒரு படி. இன்னொரு படி. "வா மோனை, வா மோனை" எண்டு கன்றுக்குட்டியைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டுக்கொண்டே போனார். அண்டைக்குப் பின்னேரம் எங்கடை விறாந்தை இல்லாமல் போச்சு. நாங்கள் இருந்த சுவரும் இல்லை.

ஆனால் அந்த ஈரத்திலை, தூசிக்கை, மாமாவுக்கு முட்டு இழுக்கத் தொடங்கிச்சு. முட்டுக்காரனுக்குக் குழி கூடாது எண்டு அவருக்கு எப்பவோ தெரியும் போலை. பகிடி சொல்லிச் சமாளிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். சத்தம் குறைஞ்ச நேரம் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு நல்லூருக்கு நடந்தம். கதிரவேலு அண்ணை மாமாவைச் சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு வந்தவர். கோயிலுக்கை ஆயிரக்கணக்கான சனம். மருந்துமில்லை, டொக்டருமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகேலாது, ஊரடங்கு.

படுத்தால் மூச்சு வராது எண்டு தூணிலை சாஞ்சபடியே இருந்தவர். உங்களைப்பற்றிக் கனக்கக் கதைச்சவர். "அவன் சின்னனிலை கிணத்தை எட்டிப் பாக்கமாட்டான். தண்ணி அள்ள விட்டால் கண்ணை மூடிக்கொண்டு துலாக்கயித்தை இழுப்பான். அப்பிடிப் பயந்தவன் பூமிக்குக் கீழை போற வேலையை ஏன் எடுத்தவன் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. நீ போய்க் கேள்" எண்டார். பேந்து, "என்னைச் சாட்டிக்கொண்டு இஞ்சை நில்லாதை. பிள்ளையைக் கொண்டு அவனிட்டைப் போ" எண்டார். விடியக் கோயில் மணி அடிக்கேல்லை. மாமாவும் எழும்பேல்லை.

சுடலைக்குக் கொண்டுபோக ஆமி விடேல்லை. பக்கத்து வளவுக்கை வைச்சு எரிச்சம். கொள்ளி வைக்க நீங்கள் இல்லை எண்டு கதிரவேலு அண்ணை வைச்சவர். வாய்க்கரிசிக்கு அரிசி இருக்கேல்லை, ஆரோ ஒரு மனிசி தன்ரை பிள்ளைக்கு வைச்சிருந்ததிலை ஒரு பிடி தந்தவ. எனக்காக இறங்கித்தான் அவர் போனவர். இதை நீங்கள் எப்பிடித் தாங்குவியளோ, என்னை என்ன நினைப்பியளோ எண்டு இந்தக் கடிதத்தை எத்தினையோ தரம் தொடங்கிக் கிழிச்சன்.

இஞ்சை இனி எங்களுக்கு ஒரு அறைதான் மிச்சம். மாட்டைக் கதிரவேலு அண்ணை தன்ரை வீட்டை கொண்டுபோயிட்டார். தை பிறந்ததும் அவர் எங்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவார். பாஸ்போட்டுக்குச் சொல்லியாச்சு. வாறம் அத்தான்.

இன்னொண்டு. உங்கடை காலைப்பற்றி எனக்கு ஆவணியிலேயே தெரியும். இன்னாசித்தம்பி மாஸ்டர் எழுதினவர், அவரைக் கோவிக்கவேண்டாம். நீங்களா எழுதுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நடந்துதான் போறன் எண்டு எழுதினியள். அதை வாசிச்சு எனக்குக் கோவம் வரேல்லை. நானும் "நாங்கள் சுகம்" எண்டு எழுதினவள்தானே. பிள்ளைக்கும் சொல்லிப்போட்டன். "அப்பாவுக்குக் கோல் எந்தக் கையிலை?" எண்டு மட்டும் கேட்டாள்.

எனக்குப் பயம் மாறேல்லை. பிளேனிலை கதவைச் சாத்துவினமாம், வழி முழுக்கத் திறக்கமாட்டினமாம். அதை நினைச்சால் இப்பவே மூச்சு முட்டுது. ஆனால் ஏறுவன். அங்கை வந்து இறங்கேக்கை மாஸ்டரையோ வேறை ஆக்களையோ அனுப்பிப்போடாதேங்கோ. கோலோடை நிண்டாலும் சரி, கதிரையிலை இருந்தாலும் சரி. நீங்களே வந்து வாசலிலை நில்லுங்கோ.

குணம்